பெரம்பூர் ரீஃப் டேங்குல ஒரு பேத்தை: ஏழு வாரம் தண்ணியவே சந்தேகப்பட்ட கேஸ்

பின்னணி

நான் உப்புத்தண்ணி டேங்க் சர்வீஸ் பண்றவன், வாரக்கடைசியில மட்டும். இந்த கேஸ் பெரம்பூர்ல ஒரு ரெண்டாவது மாடி ஃபிளாட்டுல நடந்தது. வீட்ல சார், அவரோட வைஃப், நாலாவது படிக்கிற பொண்ணு, சாரோட அம்மா. யார் பேரும் போடல, அவங்க கிட்ட சொல்லிட்டு தான் எழுதுறேன்.

ரீஃப் டேங்க், அதாவது மீனோட சேர்த்து உயிருள்ள பவளமும் வளர்க்குற டேங்க். நாலடி, சம்ப் (கீழ தண்ணி சுத்தமாகுற தொட்டி) சேர்த்து சுமாரா 400 லிட்டர், ரெண்டு வருஷம் ஓடுன டேங்க். மெட்ரோ வாட்டர்ல டிடிஎஸ் நாளுக்கு ஒரு மாதிரி வரும்ங்கறதால ஆர்ஓ, டிஐ (மிச்ச உப்பையும் எடுக்குற ஃபில்டர்) ரெண்டும் போட்டு ஜீரோ பண்ணி தான் உப்பு கலப்பாரு. சலினிட்டி (உப்பு அளவு) 35, தண்ணியை குளிர வைக்கிற சில்லர் வச்சு 26 டிகிரி, கரண்ட் போனா இன்வெர்ட்டர்ல வேவ்மேக்கர் (தண்ணியை அலை மாதிரி தள்ளுற மோட்டார்) மட்டும் ஓடும். பாறை எல்லாம் செராமிக். நம்ம கடல்ல இருந்து எடுத்த பவளப்பாறை யாராவது சல்லிசா தரேன்னு சொன்னா தயவு செஞ்சு கிட்ட போகாதீங்க, கல் பவளங்கள் 1972 வன உயிரின பாதுகாப்பு சட்டத்துல முதல் அட்டவணையில இருக்கு, புலி இருக்குற அதே அட்டவணை. இவர் கிட்ட இருந்ததெல்லாம் பில்லோட வாங்குன இம்போர்ட் துண்டுங்க, வச்சு வளர்த்தது. கல் பவளத்துல, கிளை கிளையா வளர்ற அக்ரோபோரா (அக்ரோன்னு சொல்வோம்) மூணு, ஒரு மான்டிபோரா தட்டு, ரெண்டு அக்கான், ஒரு டார்ச்; கல் எலும்பு இல்லாத மெத்து வகையில கொஞ்சம் ஸோவா, ஒரு பெரிய லெதர், மஷ்ரூம். மீன்ல ஜோடி நிமோ, ஒரு யெல்லோ டேங், ஒரு கோபி. கண்ணாடி தொடைக்க 25 நத்தை, பத்து துறவி நண்டு.

மீன் வந்தது

மார்ச் முதல் வாரம் கொளத்தூர் போயிருக்காங்க, உப்பு வாங்க. அங்க பொண்ணு ஒரு வாலண்டினி பஃபரை பாத்துட்டா, நம்ம ஊர்ல பேத்தைன்னு சொல்ற ஜாதி. வெள்ளை உடம்பு, முதுகுல நாலு கறுப்பு பட்டை, நடுவுல இருக்குற ரெண்டு மட்டும் வயிறு வரைக்கும் இறங்கும். அஞ்சு சென்டிமீட்டர் கூட இல்ல. கண்ணு ரெண்டும் தனித்தனியா சுத்தும், விரலை காமிச்சா விரல் பின்னாடியே வரும், பசங்களுக்கு சொல்லவா வேணும். கடையில "ரீஃப் சேஃப் தான் சார், சின்ன டைப், பெருசா வளராது" னு சொல்லியிருக்காங்க. ரீஃப் சேஃப்னா பவளத்தை எல்லாம் தொடாதுன்னு அர்த்தம். ரெண்டாவது பாதி உண்மை, இந்த வகை 11 சென்டிமீட்டர் கிட்ட தான் போகும், பெரிய நாய்மூஞ்சி பஃபர் மாதிரி ஒரு அடி வளராது. முதல் பாதி தான் இந்த கேஸ்.

சாரோட அம்மா காசிமேட்டு பக்கம் வளர்ந்தவங்க. பாத்த உடனே "இது பேத்தை டா, விஷ மீனு, வலையில வந்தா தூக்கி எறிஞ்சுருவாங்க, இதை போய் காசு குடுத்து வாங்குனியா" னு கேட்டாங்களாம். விஷம்னு அவங்க சொன்னது சரி தான், டெட்ரோடோடாக்சின், சமைச்சாலும் போகாது. ஆனா டேங்குல பிரச்சனை விஷத்தால வரல, வாயால வந்துச்சு.

எனக்கு போன்ல சொன்னப்போ மீன் டேங்குக்குள்ள போயி ரெண்டு நாள் ஆயிடுச்சு. குவாரண்டைன் பண்ணல. பஃபருக்கு செதில் இல்ல, வெள்ளைப்புள்ளி நோய் வந்தா காப்பர் மருந்தை சரியா தாங்காது, ரீஃப்ல காப்பர் ஊத்தவே முடியாது, நத்தையில இருந்து பவளம் வரைக்கும் எல்லாம் காலி. நல்ல நேரம், மீன் சுத்தமா இருந்துச்சு. நான் அன்னைக்கு சொன்னது இவ்ளோ தான்: "பாத்துக்கோங்க சார், நத்தையை கடிக்கும்." பவளத்தை பத்தி வாயே திறக்கல. லெதர், மஷ்ரூம் வச்சிருக்குற ரெண்டு வீட்ல இதே மீன் சமத்தா இருந்ததை பாத்திருந்தேன், அந்த நினைப்புல விட்டுட்டேன்.

முதல்ல தெரிஞ்சது

மூணாவது வாரம் நத்தை குறைய ஆரம்பிச்சுது. காலி ஓடு மணல்ல கிடக்கும், சின்ன ஓடு சிலது விளிம்பு உடைஞ்சு. சரியா அந்த வாரம் தான் லோ வோல்டேஜ்ல சில்லர் ட்ரிப் ஆகி ஒரு மத்தியானம் தண்ணி 30 டிகிரி தொட்டிருந்துச்சு. அதனால "சூட்டுல செத்திருக்கும் தம்பி" னு சார் முடிவு பண்ணிட்டாரு, நானும் தலையாட்டினேன். உடைஞ்ச விளிம்பை நான் கையில எடுத்து பாத்தேன், பாத்துட்டு குப்பையில போட்டேன். சூட்டுல செத்த நத்தைக்கு ஓடு எதுக்கு உடையணும்னு அப்போ தோணல.

அஞ்சாவது வாரம் பெரிய நிமோவோட வால்ல அரை நிலா மாதிரி ஒரு வெட்டு. அதுக்கும் ஒரு பேர் ரெடியா இருந்துச்சு, ஃபின் ராட், அதாவது துடுப்பு அழுகுற நோய். பத்து பர்சென்ட் தண்ணி மாத்துனோம், ரெண்டு வாரத்துல ஆறி வந்துச்சு, அப்புறம் வேற இடத்துல இன்னொரு வெட்டு.

ஆறாவது வாரம், அதாவது ஏப்ரல் நடுவுல, அக்ரோ நுனி எல்லாம் வெள்ளையாக ஆரம்பிச்சுது. இங்க தான் நல்லா குழம்பினோம், ஏன்னா வளர்ற அக்ரோவுக்கு நுனி வெளுப்பா தான் இருக்கும், அதனால முதல் வாரம் சார் சந்தோஷமா போட்டோ எடுத்து அனுப்பினாரு, "தம்பி செம க்ரோத்" னு.

தண்ணி மேல போன சந்தேகம்

அடுத்த ஞாயிறு நேர்ல பாத்தப்போ அது வளர்ச்சி இல்லன்னு புரிஞ்சுது, நுனியில சதையே இல்ல. நுனி கருகுறதுன்னா ரீஃப் வைக்கிற எவனுக்கும் முதல்ல ஞாபகம் வர்றது ஆல்கலினிட்டி, பவளம் எலும்பு கட்ட தண்ணியில இருக்க வேண்டிய கார்பனேட் அளவு. டெஸ்ட் பண்ணா 9.4 டிகேஹெச் (அதை அளக்குற கணக்கு), போன ஞாயிறு 8.1. அந்த அளவு குறையாம இருக்க கரைசல் ஊத்துற டோசிங் பம்ப்பை (டோசர்) கழட்டி பாத்தா உள்ள இருக்குற ட்யூப் தளர்ந்து போய் சோடா ஆஷ் கரைசலை அளவுக்கு மேல ஊத்திக்கிட்டு இருந்துச்சு. குற்றவாளி கையும் களவுமா மாட்டின மாதிரி இருந்துச்சு எங்களுக்கு. ட்யூப் மாத்தி, அளவு வச்சு செக் பண்ணி, 8.3க்கு கொண்டு வந்து நிறுத்தினோம். கால்சியம் 420, மெக்னீசியம் 1350, நைட்ரேட் (கழிவுல இருந்து சேர்றது) 5, எல்லாம் அச்சுல வார்த்த மாதிரி. சார் தினமும் ராத்திரி ஒன்பது மணிக்கு டெஸ்ட் பண்ணி நோட்டுல எழுதுனாரு.

மூணு வாரம் நம்பர் அசையல, நுனி வெளுக்குறதும் நிக்கல. இதுக்கு நடுவுல ஒரு அக்கான்ல ரெண்டு வாய் (ஒவ்வொரு வாயும் ஒரு குட்டி பவள உயிர்) காணாம போச்சு, சதை போய் வெள்ளை எலும்பு தெரிஞ்சுது. மூணு அக்ரோவுல மெல்லிசா இருந்த ஒண்ணு, பாதிக்கு மேல நுனி போனதும், அடியில இருந்தும் உரிய ஆரம்பிச்சு நாலே நாள்ல மொத்தமா போயிடுச்சு. அந்த டோசர் கோளாறு நிஜம் தான், இல்லன்னு சொல்லல. அது நிஜமா இருந்ததால தான் வேற எதையும் தேடாம விட்டுட்டோம்.

லென்ஸும் பழைய போனும்

பத்தாவது வாரம், கத்திரி ஆரம்பிச்சிருந்துச்சு. செத்த அக்ரோவை வெளிய எடுத்து வச்சிருந்தாரு. என் பையில வாட்ச் கடைக்காரங்க கண்ணுல வச்சு பாப்பாங்களே அந்த லென்ஸ் ஒண்ணு எப்பவும் இருக்கும், ஸோவாவுல பூச்சி பாக்க. அதை வச்சு நுனியை பாத்தேன். ஆல்கலினிட்டியில கருகுன நுனின்னா சதை தான் போகும், எலும்பு அப்படியே நிக்கும், நுனியில சின்ன கிண்ணம் மாதிரி இருக்குமே அந்த பொந்து கூட முழுசா இருக்கும். இதுல அந்த கிண்ணத்தையே காணோம். தட்டையா சீவிவிட்ட மாதிரி, அதுல ஒட்டி ஒட்டி ரெண்டு பள்ளம். சில நுனியில ரெண்டு தடவை சீவுன தடம். மான்டிபோரா தட்டோட விளிம்புலயும் அதே ஜோடி பள்ளம், அது ஒரு பக்கம் மட்டும், மீன் வந்து நிக்க இடம் இருக்குற பக்கம். பாறை ஓரமா இருந்த விளிம்பு முழுசா இருந்துச்சு.

பஃபருக்கு மேல ரெண்டு, கீழ ரெண்டுன்னு நாலு பல்லு, ஒட்டிப்போய் கிளி மூக்கு மாதிரி ஆயிருக்கும், அந்த குடும்பத்தோட கிரேக்க பேருக்கே நாலு பல்லுன்னு தான் அர்த்தம். அந்த பல்லு நம்ம நகம் மாதிரி வளர்ந்துக்கிட்டே இருக்கும், கடினமா எதையாவது கடிச்சு தேய்க்கலன்னா வாயை மூட முடியாத அளவுக்கு போயிடும். இவர் என்ன போட்டுக்கிட்டு இருந்தாருன்னு கேட்டேன். மைசிஸ் (குட்டி இறால் மாதிரி தீனி), பெல்லெட் (உருண்டை தீனி). ரெண்டும் மெத்துமெத்துன்னு. மீனை கிட்ட பாத்தா மேல் பல்லு உதட்டை தாண்டி நல்லாவே வெளிய வந்திருந்துச்சு.

ஆனா இதெல்லாம் தடயம் தானே, சாட்சி இல்லையே. நான் போற ஞாயித்துக்கிழமை எல்லாம் மீன் முன் கண்ணாடியில வந்து வாலாட்டிக்கிட்டு நிக்கும், சாப்பாடு போடுற ஆளுங்க முன்னாடி அது பரம சாது. அதனால சாரோட பழைய போனை ஸ்டாண்டுல போட்டு, ரூமை சாத்திட்டு, மத்தியானம் ரெண்டு மணி நேரம் வீடியோ ஓட விட்டோம். சாயங்காலம் எல்லாரும் உக்காந்து பாத்தோம், பாட்டியும் தான். முதல் இருபது நிமிஷம் ஒண்ணும் இல்ல. அப்புறம் மீன் அக்ரோ முன்னாடி வந்து நின்னுச்சு, உடம்பை கொஞ்சம் சாச்சுது, ஒரு கண்ணை உருட்டி நுனியை பாத்துச்சு, ஒரு கொத்து, வாயில இருந்து வெள்ளை தூள் மாதிரி துப்புச்சு, அடுத்த நுனிக்கு போச்சு. ரெண்டு மணி நேரத்துல பெரும்பாலும் பாறையை தான் கொத்துச்சு, பவளத்துல ஒன்பது தடவை. லெதரையும் மஷ்ரூமையும் ஒரு தடவை கூட தொடல. நிமோ வாலை ஒரு தடவை.

பாட்டி ஒண்ணும் சொல்லல, எந்திரிச்சு உள்ள போயிட்டாங்க. பொண்ணு அழுதுச்சு, மீனை அனுப்பிருவாங்கன்னு.

கூடை டெஸ்ட்

சாருக்கு இன்னமும் அரை மனசு. "பாறையை தானே தம்பி நிறைய கொத்துது, நுனி போறதுக்கு வேற காரணமும் இருக்கலாம்ல" னாரு. நியாயமான கேள்வி தான். அதனால மிச்சம் இருந்த ரெண்டு அக்ரோவுல ஒண்ணுல இருந்து நாலு துண்டு வெட்டி, ரெண்டை ஓட்டை போட்ட பிளாஸ்டிக் காய்கறி கூடையில, மேல திறந்தபடி, கூடை விளிம்பு மட்டும் தண்ணி மட்டத்துக்கு ஒரு விரக்கடை மேல நிக்கிற மாதிரி தொங்க விட்டோம், ரெண்டை அதே உயரத்துல பக்கத்துலயே வெளிய ஒட்டினோம். அதே தண்ணி, அதே லைட், அதே ஓட்டம், நடுவுல கூடை மட்டும்.

கூடவே சாப்பாட்டையும் மாத்தினோம். சிந்தாதிரிப்பேட்டை மார்க்கெட்ல மட்டி, ஓட்டோட சின்ன இறால், நண்டு கால் வாங்கி ஃப்ரீசர்ல வச்சு, தினமும் ரெண்டு வேளை. இங்க ஒரு தப்பு, ஒரே நேரத்துல ரெண்டு விஷயத்தை மாத்திட்டோம், படிச்சவங்க யாராவது பாத்தா திட்டுவாங்க. ஆனா கூடைக்கு வெளியவும் உள்ளவும் ஒப்பிடுறதுக்கு அது இடைஞ்சல் பண்ணல, சாப்பாடு மாறினது ரெண்டு பக்கத்துக்கும் பொது தானே.

பன்னெண்டு நாள்ல உள்ள இருந்த ரெண்டு துண்டும் வெட்டுன இடத்தை சதையால மூடிட்டு நுனி முழுசா இருந்துச்சு. வெளிய இருந்ததுல ஒண்ணுக்கு மூணு நுனி காலி, இன்னொண்ணுக்கு ஒண்ணு. மறுபடி வீடியோ எடுத்தோம், கொத்து குறைஞ்சிருந்துச்சு, ஒன்பதுக்கு பதிலா மூணு. அதாவது வயிறு நிறைய ஓட்டோட சாப்பிட்டா கொஞ்சம் அடங்குது, ஆனா நிறுத்தல. வயித்துக்காக மட்டும் கொத்தல அது, பாக்குறதை எல்லாம் வாயால தொட்டு பாக்குற ஜாதி.

அந்த சாப்பாட்டுக்கு டேங்க் குடுத்த விலையும் தெரிஞ்சுது. நைட்ரேட் 5ல இருந்து 25க்கு ஏறிடுச்சு, நத்தையும் இல்லாததால பின் கண்ணாடி பூரா பாசி. பேத்தைக்கு தர வேண்டிய சாப்பாடும் அக்ரோ கேக்குற தண்ணியும் ஒரே டேங்குல ஒத்து வரல. டோசர் மாதிரி இதுக்கு ட்யூப் மாத்தி சரி பண்ண வழி கிடையாது.

என்னென்ன வழி இருந்துச்சு

கடையில திருப்பி எடுத்துக்கறேன்னாங்க. எடுத்து வேற ஒரு ரீஃப் வீட்டுக்கு அதே "ரீஃப் சேஃப்" வசனத்தோட போகும்னு சாரே வேணாம்னுட்டாரு. சம்ப்ல விடலாமான்னு பாத்தோம், ஸ்கிம்மர் (அழுக்கை நுரையா பிரிக்கிற கருவி) போக ஒரு அடி இடம் கூட மிஞ்சல. சாரோட தம்பி பெசன்ட் நகர் பீச்ல விட்டுறலாமேன்னு கேட்டிருக்காரு. கூடாதுன்னு நான் கொஞ்சம் கடுமையாவே சொன்னேன்: கடைத்தொட்டியில பல ஊர் மீனோட கிடந்தது என்ன நோயை தூக்கிட்டு வந்திருக்கும்னு யாருக்கு தெரியும், பாறையும் பவளமும் இருக்குற இடத்து மீன் அந்த மணல்ல எத்தனை நேரம் பொழைக்கும்.

பவளத்தை குடுத்துட்டு மீனை வச்சுக்கலாம்ங்கறதையும் பேசினோம். ரெண்டு வருஷ உழைப்பு, சாருக்கு மனசு வரல. கடைசியில ரெண்டரை அடி தனி டேங்க், 120 லிட்டர். வைஃபுக்கு கரண்ட் பில் கவலை, இன்னொரு சில்லர்னா கண்டிப்பா முடியாதுன்னுட்டாங்க. இருக்குற சில்லர் தண்ணியை ஒரு மெல்லிசான டைட்டானியம் சுருள் வழியா புது டேங்குக்குள்ள ஓட விட்டோம், தண்ணி கலக்காது, குளிர்ச்சி மட்டும் போகும். சில்லர் கொஞ்சம் அதிகமா ஓடுது, தாங்குது.

மாத்துன நாள்

ஜூன் ரெண்டாவது ஞாயிறு. வலை போட கூடாதுன்னு முன்னாடியே சொல்லி வச்சிருந்தேன். பஃபர் தண்ணிக்கு வெளிய வந்தா காத்தை முழுங்கி உப்பிரும், தண்ணியை துப்புற மாதிரி காத்தை லேசுல வெளிய விட தெரியாது, மிதந்துக்கிட்டே செத்துப்போறதும் உண்டு. அரை லிட்டர் ஐஸ்க்ரீம் டப்பாவை தண்ணிக்குள்ளயே சாச்சு, உள்ள ஒரு நண்டு காலை வச்சோம். நாப்பது நிமிஷம். பொறுமை இல்லாம நான் ஒரு தடவை டப்பாவை நகத்துனேன், உடனே ஓடி பாறைக்கு பின்னாடி போயிடுச்சு. அப்புறம் பொண்ணு டப்பாவை பிடிச்சுக்கறேன்னா. அவ கைன்னா அதுக்கு சாப்பாடு, நேரா உள்ள வந்துச்சு. தண்ணியோட அப்படியே தூக்கி புது டேங்குல இறக்கினோம். லேசா தண்ணியை இழுத்து உருண்டையா ஆச்சு, ஒரு நிமிஷத்துல துப்பிட்டு வழக்கமான சைசுக்கு வந்துடுச்சு.

அதுக்கு அப்புறம்

பெரிய டேங்குல மூணு வாரத்துல மான்டிபோரா விளிம்பு மூடிடுச்சு. மிச்சம் ரெண்டு அக்ரோவும் நுனி விட்டுச்சு, ஒண்ணு முன்ன இருந்ததை விட அடர்த்தியா, ஏன்னா கடிபட்ட இடத்துல எல்லாம் பக்கத்துல கிளை வந்துடுச்சு. தோட்டக்காரன் கவாத்து பண்ண மாதிரி. அக்கான்ல போன வாய் திரும்பல, மிச்சம் இருக்கு. நிமோ வால் ஒரு மாசத்துல முழுசாச்சு, ஃபின் ராட்டுக்கு வாங்கி வச்ச மருந்து பிரிக்காம கிடக்கு. நைட்ரேட் 8க்கு இறங்கிடுச்சு, புது நத்தை இருபது விட்டோம், நாலு மாசம் ஆச்சு, இப்போ எண்ணினா பதினெட்டு.

பஃபர் டேங்குல லெதர் ஒரு கிளையும் மஷ்ரூமும் வச்சோம், தொடவே இல்ல. பல்லு ரெண்டு மாசத்துல தேஞ்சு உதட்டுக்குள்ள போயிடுச்சு. கிராம்பு எண்ணெயில மயக்கி பல்லை வெட்டணுமோன்னு பயந்துக்கிட்டு இருந்தோம், அந்த நிலைமை வரல.

திரும்ப செஞ்சா

"பஃபர் ரீஃப்ல வைக்கலாமா" னு யாராவது கேட்டா இனிமே நான் முதல்ல கேக்கப்போறது என்ன பவளம் வச்சிருக்கீங்கன்னு தான். லெதர், மஷ்ரூம் டேங்க்னா இந்த சின்ன வகையை ஒரு கண்ணு வச்சு வைக்கலாம், நத்தை செலவு தனி. அக்ரோ, அக்கான் இருந்தா முதல் நாளே வேணாம்னு சொல்லிடுவேன், "பாத்துக்கோங்க சார்" னு இழுக்க மாட்டேன்.

நத்தைக்கு சூடு, நிமோவுக்கு ஃபின் ராட், அக்ரோவுக்கு டோசர்னு ஒண்ணொண்ணுக்கும் தனித்தனி காரணம் சரியா பொருந்திச்சு, மூணையும் ஒரே பக்கத்துல எழுதி பாக்கவே இல்ல. சாரோட நோட்டுல தண்ணி நம்பர் மட்டும் தான் இருக்கு, என்ன செத்துச்சு, எது காயம்னு ஒரு வரி கிடையாது. இப்போ நான் போற எல்லா வீட்லயும் அதுக்கு தனியா ஒரு கட்டம் போட சொல்லியிருக்கேன், ஒரே கோணத்துல வாரம் ஒரு போட்டோவும். லென்ஸை ஆறாவது வாரமே எடுத்திருந்தா அந்த மெல்லிசான அக்ரோ இன்னைக்கு இருந்திருக்கும்னு நினைக்கிறேன். ஓட்டோட சாப்பாடு முதல் நாள்ல இருந்து குடுத்திருந்தா கொஞ்சம் தள்ளிப்போயிருக்கும், அவ்ளோ தான்.

சார் மட்டும் இன்னும் விடல. போன வாரம் பஃபர் டேங்குல ஒரு ஸோவா துண்டை வச்சு பாத்திருக்காரு, பன்னெண்டு வாய் இருந்தது. மறுநாள் காலையில போன் பண்ணி "தம்பி, பத்து" ன்னாரு.